கேட்டை மூட ஆள் இறங்கும் ரயில்: டெல்டாவின் கிளைப்பாதைகள் ஏன் காலியாக ஓடுகின்றன?

2019 ஜூன் மாதம் திருவாரூரிலிருந்து காரைக்குடி வரை அகலப் பாதையில் ரயில் ஓட ஆரம்பித்தபோது, சுமார் 150 கிலோமீட்டரைக் கடக்க அது ஆறு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. தண்டவாளம் புதுசு, ஸ்லீப்பர் கட்டைகள் புதுசு, ஓடியது டெமு வண்டி, அதாவது தனி எஞ்சின் இல்லாமல் டீசலில் ஓடும் பயணிகள் வண்டி. நேரம் போனதெல்லாம் கேட்டுகளில்தான். வழியில் இருந்த லெவல் கிராசிங்குகளில் நிரந்தரமாக உட்கார கேட் கீப்பர்கள் நியமிக்கப்படவில்லை, அதனால் கேட்டை மூடித் திறக்கும் ஆட்களை ரயிலிலேயே ஏற்றி அனுப்பினார்கள். கேட்டுக்கு முன்னால் ரயில் நிற்கும், முன்பக்கத்திலிருந்து ஒருவர் இறங்கிப் போய் கேட்டை மூடுவார், ரயில் மெல்ல ஊர்ந்து சாலையைத் தாண்டி மறுபடி நிற்கும், பின்பக்கத்தில் இருப்பவர் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். அடுத்த கேட்டில் மறுபடி இதே வேலை. டெல்டாவில் வயலுக்கும் ஊருக்கும் நடுவே எத்தனை சாலைகள் குறுக்கே போகும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். கணக்குப் போட்டால் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம்கூட வராது.

இதைப் பலரும் வேடிக்கைச் செய்தியாகப் படித்துவிட்டு மறந்துவிட்டார்கள். எனக்கு இது வேடிக்கையாகப் படவில்லை. ஒரு கிளைப்பாதை எப்படிக் கையைவிட்டுப் போகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது கஷ்டம். ‘கூட்டமே இல்லை, அதனால்தான் ரயில் குறைவு’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான இடங்களில் கதை தலைகீழாக நடக்கிறது. முதலில் யாருக்கும் பயன்படாத நேரத்தில், யாரும் பொறுக்க முடியாத வேகத்தில் ஒரு ரயிலை விடுகிறார்கள், அது காலியாக ஓடுகிறது, அப்புறம் அந்தக் காலியையே காரணமாகக் காட்டி அடுத்த ரயிலைக் கேட்காதே என்கிறார்கள்.

கேட் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ஆளில்லா லெவல் கிராசிங்குகளில் வருஷா வருஷம் உயிர்கள் போய்க்கொண்டிருந்தன. அதனால் அகலப் பாதைகளில் ஆளில்லா கேட்டே இருக்கக் கூடாது என்று முடிவெடுத்து, 2019 ஜனவரிக்குள் நாடு முழுக்க அதை முடித்தார்கள். மிகச் சரியான முடிவு, அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. ஆனால் ஒரு கேட்டை இருபத்து நாலு மணி நேரமும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போதாது, ஷிஃப்ட் முறையில் இரண்டு மூன்று பேராவது வேண்டும், விடுப்புக்கு மாற்று ஆள் தனி. கேட்டுகள் நெருக்கமாக இருக்கும் ஒரு பாதையில் இது நூற்றுக்கணக்கான வேலையாட்களாகிவிடுகிறது. நாளுக்கு ஒரே ஒரு ஜோடி ரயில் (போக ஒன்று, வர ஒன்று) ஓடும் பாதைக்கு அத்தனை பேரைப் போட முடியுமா என்று மேலே இருப்பவர் யோசிப்பார். சுரங்கப்பாதையோ மேம்பாலமோ கட்டப் பணமும் காலமும் வேண்டும். ஆகவே நடமாடும் கேட் கீப்பர். செலவு மிச்சமானது, ரயில் செத்தது. பின்னர் கேட்டுகளுக்கு ஆள் போடப்பட்டு நேரம் குறைந்தது உண்மைதான். ஆனால் ஒரு ஊர் தன் ரயிலைப் பற்றி முடிவு செய்வது முதல் ஆறு மாதத்தில். ‘அதுவா, ஆறு மணி நேரம் ஆகுமே’ என்ற பேச்சு ஒருமுறை டீக்கடைக்கு வந்துவிட்டால், நேரம் குறைந்த செய்தி அதே டீக்கடைக்கு வர வருஷங்கள் ஆகும்.

இந்தப் பாதை யாருடைய காசில் வந்தது என்பது இன்றைக்குப் பலருக்குத் தெரியாது. மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரையான பாதை 1894-ல் திறக்கப்பட்டது, அதைப் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலவரியோடு சேர்த்து விவசாயிகளிடம் ஒரு தனித் தீர்வை வசூலித்து, அந்தப் பணத்தில் ரயில் போட்டார்கள், ஓட்டும் வேலையைத் தென்னிந்திய ரயில்வே கம்பெனி பார்த்தது. அடுத்த பத்தாண்டுகளில் அது பட்டுக்கோட்டையைத் தாண்டி அறந்தாங்கி வரை நீண்டது, காரைக்குடி இணைப்பு சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது. நெல் விளைந்த மண்ணில், நெல் விளைவித்தவர்கள் கொடுத்த தீர்வையில் போட்ட ரயில் அது. லாப நஷ்டக் கணக்கில் இந்தப் பாதையை ஒரு வரியில் முடிக்கும்போது எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

மீட்டர் கேஜ் காலத்தில் இதே பாதையில் சென்னைக்குக் கம்பன் எக்ஸ்பிரஸ் போனது, பாசஞ்சர்கள் போயின, திருத்துறைப்பூண்டியில் மாறி வேதாரண்யம் பக்கம் அகஸ்தியம்பள்ளி வரை உப்பளங்களுக்கு நடுவே போகலாம். 1992-ல் ‘யூனிகேஜ்’ திட்டம் வந்தது. நாடு முழுக்க ஒரே அகலம், 1000 மில்லிமீட்டர் போய் 1676 மில்லிமீட்டர். இதன் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது, அகலம் மாறும் இடத்தில் சரக்கையும் ஆளையும் இறக்கி ஏற்றும் தொல்லை பெரிய தொல்லை. ஆனால் அகலப்படுத்த வேண்டும் என்றால் முதலில் பாதையை மூட வேண்டும், மூடிய பாதை எப்போது திறக்கும் என்பது ஆண்டுதோறும் பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது. முக்கியப் பாதைகளுக்குப் பணம் முதலில் போகும், கிளைப்பாதை வரிசையில் கடைசியில் நிற்கும்.

திருவாரூர் – காரைக்குடி பாதை 2012-ல் மூடி, முழுவதும் திறக்க 2019 ஆயிற்று. மதுரை – போடி பாதை 2010 டிசம்பர் கடைசி நாளோடு நின்றது, தேனி வரை ரயில் வந்தது 2022 மே மாதம், போடிக்கு வந்தது 2023 ஜூன். திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டர், 2004-ல் மூடியது 2023 ஏப்ரலில் திறந்தது. பத்தொன்பது வருஷம். பாதை மூடியபோது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, திறந்தபோது வேலைக்குப் போய்விட்டது. நடுவில் அந்தப் பிள்ளை வளர்ந்த வீட்டில் ரயில் என்ற பேச்சே இல்லை. அப்பா பைக் வாங்கினார், கல்லூரிகள் தங்கள் பஸ்களை விட்டன, ஷேர் ஆட்டோவும் வேனும் தங்களுக்கென்று ஒரு வழி அமைத்துக்கொண்டன. கடை வைத்தவர்கள் பஸ் ஸ்டாண்டு பக்கமாக வைத்தார்கள். ரயிலடி இருந்த தெரு வெறும் தெருவானது. இப்படிப்பட்ட ஊருக்கு ஒருநாள் கொடியசைத்து ஒரு ரயிலை அனுப்பிவிட்டு, மூன்று மாதம் கழித்து டிக்கெட் வசூலைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவது நியாயமே இல்லை.

அனுப்பிய ரயிலும் எப்படிப்பட்டது? காரைக்குடி – பட்டுக்கோட்டை பகுதி 2018-ல் முதலில் திறந்தபோது டெமு வாரத்தில் இரண்டே நாள் ஓடியது. வாரம் இரண்டு நாள் ஓடும் ரயிலை நம்பி யார் வேலைக்குப் போவார், யார் காலேஜில் சேருவார்? இன்னும் துல்லியமான உதாரணம் மதுரை – தேனி. 2022-ல் அந்த ரயில் காலை 8.30-க்கு மதுரையில் கிளம்பி ஒன்பதரை மணி வாக்கில் தேனிக்குப் போனது, மாலை 6.15-க்குத் தேனியிலிருந்து திரும்பியது. ஒரு மணி நேரம் சொச்சத்தில் போய்விடுகிறது, பஸ்ஸைவிட வேகம், வசதி. ஆனால் தேவை எந்தப் பக்கம் என்று பாருங்கள். பெரிய ஆஸ்பத்திரி மதுரையில், ஐகோர்ட் கிளை மதுரையில், மொத்தக் கடைகள் மதுரையில், கல்லூரிகளும் அங்கேதான் அதிகம். தேனிக்காரர் காலையில் மதுரை போய் மாலையில் திரும்ப வேண்டும். ரயிலோ காலையில் மதுரையிலிருந்து வருகிறது, மாலையில் மதுரைக்குப் போகிறது. நேரத்தைத் திருப்பிப் போடுங்கள் என்று தேனி மக்கள் கேட்டது இதனால்தான்.

இதற்குப் பின்னால் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, ஒரு நிர்வாக வசதி இருக்கிறது. வண்டியைக் கழுவ, சரிபார்க்க, இரவு நிறுத்த வசதி இருப்பது பெரிய ஜங்ஷனில். லோகோ பைலட்டும் கார்டும் தங்கியிருப்பதும் அங்கேதான். காலையில் அங்கிருந்து கிளம்பி, கடைசி ஸ்டேஷன் வரை போய், மாலையில் வீடு திரும்பினால் செலவு குறைவு. கிளைப்பாதையின் கடைசி ஊரில் ராத்திரி வண்டியை நிறுத்த வேண்டும் என்றால் ஓட்டுநர் குழுவுக்கு ஓய்வறை, பாதுகாப்புக்கு ஆள், சிறு பராமரிப்புக்கு ஏற்பாடு எல்லாம் வேண்டும். ஆகவே கால அட்டவணை வண்டியின் வசதிக்கு எழுதப்படுகிறது. எந்தக் கிளைப்பாதையைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: ராத்திரி அந்த வண்டி எங்கே தூங்குகிறது? கடைசி ஊரில் தூங்கினால் அந்தப் பாதைக்கு எதிர்காலம் இருக்கிறது.

சரி, கூடுதலாக இன்னொரு ஜோடி விடலாமே என்றால், அங்கே இன்னொரு முடிச்சு. கிளைப்பாதைகள் ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் தாண்டிப் போக வேண்டுமானால் வழியில் லூப் லைன் (ஒரு வண்டி ஒதுங்கி நிற்கும் பக்கத் தண்டவாளம்) உள்ள கிராசிங் ஸ்டேஷன் வேண்டும், அதில் பாயின்ட், சிக்னல், ஸ்டேஷன் மாஸ்டர் வேண்டும். மீட்டர் கேஜில் பல சின்ன ஸ்டேஷன்களில் இது இருந்தது. அகலப்படுத்தும்போது செலவைக் குறைக்க பல இடங்களில் லூப் லைனை எடுத்துவிட்டு, ஒரு பிளாட்பாரம், ஒரு கூரை, ஒரு பெயர்ப்பலகை என்று ஹால்ட் ஆக்கிவிடுகிறார்கள். இன்னும் சின்னப் பாதை என்றால் ‘ஒரு நேரத்தில் ஒரு ரயில்’ என்ற முறை, உள்ளே போன வண்டி திரும்பி வெளியே வந்தால்தான் அடுத்தது போகலாம். அன்றைக்கு மிச்சம் பிடித்தது சிறு தொகை. அதன் விலை, பின்னால் யார் நினைத்தாலும் ரயிலைக் கூட்ட முடியாமல் போவது.

இத்தனைக்கும் மேல், அதில் ஏறிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். திருவாரூரில் டெமுவில் ஏறினால் திருநெல்லிக்காவல், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஆயிங்குடி, அறந்தாங்கி என்று ஊர்கள் வரும். திருத்துறைப்பூண்டி வரை இருபுறமும் வயல், முத்துப்பேட்டைப் பக்கம் காற்றில் உப்பு, பட்டுக்கோட்டை தாண்டி தென்னந்தோப்பு, அறந்தாங்கிக்குப் பிறகு செம்மண்ணும் பொட்டலுமாக நிலம் மாறிக் காரைக்குடி வரும். ஒரே டிக்கெட்டில் மூன்று வகை மண். ஏறுகிறவர்கள் யார் என்று பார்த்தால், கூடையோடு வருபவர்கள், முத்துப்பேட்டை தர்காவுக்கும் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போகிறவர்கள், பஸ் படியில் கால் வைக்க முடியாத முழங்கால் வலிக்காரர்கள், கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போகும் பெண்கள். நேரம் இவர்களிடம் அதிகமாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. சாக்கு மூட்டையை வைக்க இடம் வேண்டும், குழந்தையைப் படுக்கவைக்க சீட் வேண்டும், குலுங்காமல் போக வேண்டும், அதை பஸ் தராது. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே போன வயதானவருக்கு ரயிலின் மூன்று மணி நேரம் குறைவான நேரம்.

இவர்களைத்தான் கட்டண மாற்றம் நேராகத் தாக்கியது. 2020-ல் கொரோனாவுக்காகப் பயணிகள் ரயில்கள் எல்லாம் நின்றன. மறுபடி விட்டபோது பல பாசஞ்சர்கள் ‘சிறப்பு எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரில் வந்தன. அதே பெட்டி, அதே வேகம், நிற்கும் ஸ்டேஷனும் ஏறத்தாழ அதே, ஆனால் எக்ஸ்பிரஸ் கட்டணம். பாசஞ்சரில் குறைந்தபட்ச டிக்கெட் 10 ரூபாய், இதில் 30. 2024 பிப்ரவரி கடைசியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. நடுவில், 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்துவிட்டது. அந்தத் திட்டத்தை நான் முழு மனதாக ஆதரிக்கிறவன், கிராமத்துப் பெண்களின் கையில் அது மிச்சப்படுத்திய பணம் கொஞ்சம் இல்லை. ஆனால் ரயிலின் பக்கத்திலிருந்து பாருங்கள். பக்கத்து ஊருக்குப் போக பஸ்ஸில் இலவசம், ரயிலில் 30 ரூபாய். அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே போகிற பெண்கள் பாசஞ்சரை விட்டுப் போனது அந்த மூன்று வருஷத்தில்தான், 10 ரூபாய் ஆன பிறகும் அவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை.

நஷ்டக் கணக்குக்கு வருவோம். ரயில் டிக்கெட்டிலேயே ஒரு வாசகம் அச்சாகி வருவதைப் பார்த்திருப்பீர்கள், பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் ரயில்வேக்குக் கட்டணமாகத் திரும்பக் கிடைக்கிறது என்று. மீதியைச் சரக்கு வருமானம் ஈடுகட்டுகிறது. இது நாடு முழுவதற்குமான சராசரி, பாசஞ்சர் வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். ஆக, கிளைப்பாதை நஷ்டம் என்பது பொய்யில்லை. 1969-லேயே லாபமற்ற கிளைப்பாதைகளை ஆராய ஒரு குழு போட்டார்கள், பின்னால் வந்த ரயில்வே சீர்திருத்தக் குழுவும் சில பாதைகளை மூடச் சொன்னது. மாநில அரசுகள் பொதுவாக ஒப்புக்கொள்வதில்லை, ஓட்டு போகும் என்ற பயம் அதற்கு முக்கியக் காரணம், அது நல்லதுக்கே.

எதை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள் என்பதில்தான் சிக்கல். பேராவூரணியில் ஏறி சென்னை போகிறவர் கொடுக்கும் காசில் கிளைப்பாதைக்குச் சேரும் பங்கு, தூரத்தை வைத்துப் பார்த்தால் சின்னது. கிளைப்பாதையை மூடினால் அவர் திருவாரூர் வரை பஸ்ஸில் வந்து அங்கே ரயில் ஏற மாட்டார், சென்னைக்கே ஆம்னி பஸ் பிடித்துவிடுவார். போவது முழுக் கட்டணமும். பிரிட்டனில் 1963-ல் ரயில்வே தலைவர் ரிச்சர்ட் பீச்சிங்கின் அறிக்கை வந்தபோது இதே தப்பு நடந்தது. பாதையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கில் பயணிகள் போக்குவரத்தில் ஒரு சதவீதம்தான் நடக்கிறது என்று கணக்குக் காட்டி ஆயிரக்கணக்கான மைல்களை மூடினார்கள். கணக்கெடுத்தது 1961 ஏப்ரலில் ஒரே ஒரு வாரம், கோடை விடுமுறையில் மட்டும் நிரம்பி வழியும் கடற்கரை ஊர்ப் பாதைகளுக்கும் அந்த வாரத்துக் கணக்குதான். வேளாங்கண்ணித் திருவிழாவும் நாகூர் கந்தூரியும் இல்லாத ஒரு வாரத்தில் நம் டெல்டா பாதையை எண்ணிப் பார்த்தால் என்ன வரும்? கிளைகளை வெட்டிய பிறகும் பிரிட்டிஷ் ரயில்வேயின் நஷ்டம் தீரவில்லை, அன்று மூடியவற்றில் சிலவற்றை இப்போது பெரும் செலவில் திறந்துகொண்டிருக்கிறார்கள்.

எண்ணுவதிலும் ஓட்டை இருக்கிறது. ஹால்ட்டில் டிக்கெட் விற்பவர் ரயில்வே ஊழியர் அல்ல, கமிஷன் ஏஜென்ட். விற்கிற டிக்கெட்டுக்குத் தகுந்த கமிஷன்தான் அவர் வருமானம். நாளுக்கு ஒரு ஜோடி ரயில் என்றால் அந்தக் கமிஷனை நம்பி யாரும் வந்து உட்கார மாட்டார்கள். ஏஜென்ட் இல்லை என்றால் டிக்கெட் இல்லை, செல்போனில் எடுக்கத் தெரியாதவர் டிக்கெட் இல்லாமல் ஏறுவார், அல்லது பயந்து ஏறாமல் போவார். இரண்டிலும் அந்த ஹால்ட்டின் கணக்கில் விழுவது பூஜ்யம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லாக் கிளைப்பாதையையும் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸ்டேஷன் ஊரைவிட்டு வெகு தொலைவில், பஸ் ஊருக்குள்ளேயே போகிறது என்றால், எத்தனை ரயில் விட்டாலும் பஸ்தான் ஜெயிக்கும். மாயவரம் – தரங்கம்பாடி 1926-ல் திறந்து 1980-களில் மூடிய பாதை. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று சின்னச் சின்ன தூரத்தில் ஊர்கள், பக்கத்திலேயே சாலை. உள்ளூர்ப் பயணத்துக்கு மட்டும் என்றால் அதை மறுபடி போடச் சொல்ல எனக்கே தயக்கம். திருக்கடையூருக்கு வெளியூரிலிருந்து வரும் கூட்டத்தை நினைத்தால் தயக்கம் குறைகிறது.

இன்னொரு பக்கம், திருவாரூர் – காரைக்குடி பாதையில் தாம்பரம் – செங்கோட்டை, எர்ணாகுளம் – வேளாங்கண்ணி போன்ற எக்ஸ்பிரஸ்கள் இப்போது போகின்றன. பட்டுக்கோட்டை, அறந்தாங்கி மக்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் இதைக் காட்டி ‘பாதை பிழைத்துவிட்டது’ என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ரயில்கள் பெரிய ஊர்களில் நின்றுவிட்டுப் போய்விடும். ஆயிங்குடிக்கும் திருநெல்லிக்காவலுக்கும் அவை ஜன்னல் வெளிச்சம் மட்டுமே.

நடைமுறையில் செய்யக்கூடியது பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஒரு டெமுவை ராத்திரி பட்டுக்கோட்டையில் நிறுத்தி, காலை ஏழு மணிக்குள் ஒரு பக்கமும், அதற்குப் பின்னாலேயே எதிர்ப்பக்கமும் போக விட வேண்டும். மாலையில் கல்லூரியும் அலுவலகமும் விட்ட பிறகு அதே மாதிரி திரும்ப வேண்டும். திருவாரூரில் தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கம் போகும் வண்டிகளோடும், காரைக்குடியில் திருச்சி, மானாமதுரைப் பக்கம் போகும் வண்டிகளோடும் அரை மணிக்குள் இணைப்பு இருக்க வேண்டும். இதை இரண்டு வருஷம் நேரம் மாற்றாமல், ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் தலையை எண்ணலாம். ஓட்டியும் ஆள் வரவில்லை என்றால் நான் பேச மாட்டேன்.

ஓட்டிப் பார்க்காமலே கைவிட்டால் திரும்பப் பெறுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்குப் பேரளம் – காரைக்கால் பாதை பக்கத்திலேயே இருக்கிறது. 1898-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காரைக்காலுக்குப் போட்ட அந்த 23 கிலோமீட்டர் சொச்சம் 1980-களின் கடைசியில் மூடப்பட்டு, தண்டவாளமும் பிடுங்கப்பட்டது. புதிய தண்டவாளத்தில் வேகச் சோதனை நடத்த 2025 வரை ஆயிற்று.